ஹோட்டல் பெட்டிக்குள் என் வான்கோழி பர்கர்

லாரன்ஸ்,

'அன்புள்ள' என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன். அன்பு எங்கேயும் ஓடிப்போய்விடவில்லை, இங்கேதான் கிடக்கிறது. ஆனால் இப்போது பேனாவைப் பிடித்திருப்பது கோபம். ஞாயிற்றுக்கிழமை நீ வந்து சொல்லிவிட்டுப் போனதற்கு அங்கேயே, அந்த நிமிடமே பதில் சொல்லியிருப்பேன். என் மடியில் சாஸ் கிண்ணம் இருந்தது, கையில் எண்ணெய்க் கரண்டி இருந்தது. வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்கே தெரியாததால் பேசாமல் இருந்தேன். நீ அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாய். சம்மதமாம். உன் அம்மாவை இருபத்தாறு வருஷமாகப் பார்க்கிறாய், அவள் சும்மா இருந்தால் என்ன அர்த்தம் என்று இன்னும் தெரியவில்லை உனக்கு. இந்தக் கவரை நான் ஒட்டப் போவதில்லை. கொண்டுவருகிறவர் படிக்கட்டும், வழியில் கேட்கிறவர் படிக்கட்டும். இதில் நான் மறைக்கிற மாதிரி எதுவும் இல்லை, மறைக்கிற வேலையெல்லாம் உன்னுடையது.

அன்று காலையில்தான் நம் கோயிலில் உன் கல்யாணத்துக்கு மூன்று ஞாயிறு வாசிக்கிற ஓலையில் இரண்டாவதை வாசித்தார்கள். சேக்காட்டில் வசிக்கும் இன்னாருக்கும் இன்னாளுக்கும் மகனாகிய லாரன்ஸ், அண்ணா நகர் பங்கைச் சேர்ந்த நிர்மலாவைத் திருமணம் செய்ய இருக்கிறார், தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று ஃபாதர் வாசித்தபோது உன் அப்பா பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தார். எங்கள் இருவர் பெயரையும் மைக்கில் சொல்லித்தான் நீ யார் என்று சபைக்குச் சொல்கிறார்கள், கவனித்தாயா? கவனித்திருக்க மாட்டாய். பூசை முடிந்து வீட்டுக்கு வந்தோம். மகன் வந்திருக்கிறானே என்று ஒரு வான்கோழியை அடித்து, கைமா போட்டு, பர்கர் தட்டி வைத்துவிட்டு சாஸ் அடிக்க உட்கார்ந்தேன். நீ வாசற்படியில் சாய்ந்துகொண்டு ஆபீஸ் விஷயம் மாதிரி ஆரம்பித்தாய்.

"அம்மா, ரிசப்ஷனுக்கு பொண்ணு பாக்கப் போனப்ப கொண்டுபோன அந்த பர்கர்தான் வேணுமாம். நிர்மலா அப்பா கேட்டுட்டார். நீ செஞ்சு குடுத்துடு. ஹோட்டல் பெட்டியில போட்டு எடுத்துட்டுப் போயிடலாம். தொப்பி, வெள்ளைக் கோட்டு போட்ட ஆளுங்களை நான் ஏற்பாடு பண்ணிட்டேன், அவங்க பரிமாறுவாங்க. நீ அந்தப் பக்கமே வர வேணாம். பட்டுப்புடவை கட்டிக்கிட்டு முன்னாடி உக்காரு."

"நம்ம பர்கர் வண்டி?" என்று கேட்டேன்.

"வண்டியை இந்த வாரத்தோட நிறுத்திடும்மா. அவங்க சொந்தக்காரங்க யாராவது அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் வந்து உன்னைப் பார்த்தா நல்லாவா இருக்கும்?"

உன் அப்பா கொல்லையில் வான்கோழிகளுக்குக் கீரை நறுக்கிக்கொண்டிருந்தவர் கத்தியோடு எழுந்து வந்தார். "இன்னாடா சொல்ற நீ? உங்கம்மா செஞ்சத எவனோ தொப்பி போட்டுகினு நீட்டுவான், இவ பொம்ம மாரி குந்திகினு பாக்கணுமா?" என்றார். நீ உடனே குரலை உயர்த்தினாய். "டாடி, உங்களுக்குப் புரியாது!" நைனா போய் டாடி எப்போது வந்தது என்று நான் யோசிப்பதற்குள் கொல்லையில் இருந்த அத்தனை வான்கோழியும் ஒரே குரலில் கத்தின. சத்தமாக எது கேட்டாலும் பதில் கொடுக்கிற ஜாதி அது. நீ மறுபடி கத்தினாய், அவை மறுபடி கத்தின. "அவன் பேச்சுக்கு அதுங்கதான் ஆமாம் சாமி போடுதுங்க" என்று உன் அப்பா சொன்னார். வேறொரு நாளாக இருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்று கை வேகமாகிவிட்டது, எண்ணெய் சொட்டுச் சொட்டாக விழ வேண்டியது தாரையாக விழுந்தது, சாஸ் பிரிந்துவிட்டது. இன்னொரு மஞ்சள் கருவை வேறு கிண்ணத்தில் விட்டு, பிரிந்ததைக் கரண்டி கரண்டியாகச் சேர்த்து அடித்துச் சரிசெய்தேன். நீ அதுவரை காத்திருந்து, "ரெண்டு பார்சல் பண்ணிடும்மா, ராத்திரிக்கு ஆகும்" என்றாய். கட்டிக் கொடுத்தேன். அதை நினைத்தால் இப்போதும் என் கையை நானே கடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

என் பர்கர் ஸ்டார் ஹோட்டல் பர்கராம், அவர்களிடம் நீ அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறாய். அது எங்கிருந்து வந்தது என்று உனக்கு மறந்துவிட்டதா, இல்லை மறந்த மாதிரி நடிக்கிறாயா? நீ இரண்டாம் வகுப்பு படிக்கும்போது நான் அம்பத்தூரில் டோரத்தி அம்மா வீட்டில் சமையல் வேலை செய்தேன். அவர் புருஷன் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலைக்கு மெஷின் பூட்டிக் கொடுக்க அமெரிக்காவிலிருந்து வந்தவர். லூசியானா என்று அவர்கள் ஊர். ஆறும் சேறும் இறாலும் காரமுமாக இருக்கும், உங்கள் ஊர் மாதிரியேதான் என்பார் அந்த அம்மா. வந்த வருஷம் நவம்பரில் ஒரு நாள், இந்த மாதம் எங்கள் வீட்டில் எல்லோரும் வான்கோழி சாப்பிடுவார்கள் என்று சொல்லி மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். என் வீட்டிலேயே நாலு நிற்கிறது, இதற்கா அழுகிறீர்கள் என்று மறுநாள் உன் அப்பாவின் சைக்கிளில் ஒன்றைக் கட்டி எடுத்துக்கொண்டு போனேன். அவர் அதை முழுசாகச் சுடவில்லை. கைமாவாக்கி, அவர் ஊர் மசாலாவைப் போட்டு, வடை மாதிரி தட்டிச் சுட்டு, பன்னுக்குள் வைத்து, ஒரு சிவப்புச் சாஸை ஊற்றி எனக்கும் ஒன்று கொடுத்தார். கேஜுன் காரம் என்று அதற்குப் பேர். நான் அதைப் பாதி தின்றுவிட்டு மீதியை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தேன். அந்தப் பாதியைத் தின்றவன் நீ. தின்றுவிட்டுக் காகிதத்தை நக்கினாய்.

அவர் டப்பாவில் கொண்டுவந்த மசாலா ஆறு மாதத்தில் தீர்ந்துபோனது. இங்கே எந்தக் கடையிலும் அது கிடையாது. டப்பாவை மோந்து பார்த்துப் பார்த்து நான்தான் மாற்றுக் கண்டுபிடித்தேன். நீட்டு மிளகாயை லேசாக வறுத்துப் பொடித்தேன். மிளகு போட்டேன். பூண்டைச் சீவி வெயிலில் காயவைத்து இடித்தேன். அவர்கள் போடும் இலைக்கு வாசம் கிட்டத்தட்ட நம் ஓமவல்லிதான், அதை நிழலில் உலர்த்திக் கசக்கிப் போட்டு, ஒரு சிட்டிகை ஓமமும் சேர்த்தேன். முதல் கடி கடித்ததும் டோரத்தி அம்மா மறுபடி அழுதார், இந்தத் தடவை சிரித்துக்கொண்டே. அவர்கள் ஊருக்குத் திரும்பும்போது கறி அரைக்கிற கைமா மெஷினை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். எனக்கு வேலை போனது. உன் அப்பாவுக்கு லாரிக்குப் பெயின்ட் அடித்து அடித்து நெஞ்சு கெட்டுப்போய், பட்டறையில் வர வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். அப்போதுதான் பட்டரவாக்கம் ஸ்டேஷன் ரோட்டில் வண்டி போட்டேன். இந்தக் கதையில் தொப்பி போட்டவன் எவனாவது எங்கேயாவது வருகிறானா? நானும் தேடித் தேடிப் பார்க்கிறேன்.

உனக்கு அதைச் செய்யத் தெரியாது. தின்னத்தான் தெரியும், பேர் மாற்றத்தான் தெரியும். அதனால் எழுதுகிறேன், படித்துக்கொள். வான்கோழியில் கொழுப்புக் கிடையாது. நெஞ்சுக்கறியை மட்டும் போட்டால் வாயில் மரத்தூள். காலும் நெஞ்சும் கலந்து, தோலையும் சேர்த்துக் கைமா போட வேண்டும். வெங்காயத்தை வெண்ணெயில் வதக்கி ஆறவிட்டு, பாலில் நனைத்த ரொட்டித் துண்டைப் பிழிந்து சேர்த்து, மசாலாவும் உப்பும் போட்டு, விரல் நுனியால் புரட்ட வேண்டும். சப்பாத்தி மாவு மாதிரி பிசைந்தால் ரப்பர்தான் மிஞ்சும். தட்டி, நடுவில் கட்டைவிரலால் ஒரு பள்ளம். கல் நன்றாகக் காய்ந்த பிறகு போட்டு, மூடி வைத்து, உள்ளே துளிகூடச் சிவப்பு இல்லாமல் வேகவிட வேண்டும். கோழி வகையில் அரைவேக்காடு ஆகவே ஆகாது. முக்கியமாக, தோசைத் திருப்பியால் அமுக்கவே கூடாது. அமுக்கினால் கல்லில் சுர்ரென்று சத்தம் வரும், பார்க்கிறவனுக்கு ஜோராக இருக்கும், உள்ளே இருந்த சாறெல்லாம் அந்தச் சத்தத்தோடு போய்விடும். உன் தொப்பிக்காரர்கள் அமுக்குவார்கள். பார்க்கிறவர்களுக்காகவே சமைப்பவர்கள் எல்லோரும் அமுக்குவார்கள். சாஸுக்கு முட்டையின் மஞ்சள் கரு, அரைத்த கடுகு, வினிகர், அப்புறம் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். கெட்டியானதும் மிளகாய் விழுது, பூண்டு, பொடியாக நறுக்கி வினிகரில் ஊறிய வெள்ளரி, துளி சர்க்கரை. அன்றைய சாஸ் அன்றோடு சரி, மிஞ்சினால் கொட்டிவிட வேண்டும். பச்சை முட்டை என்பதால் ஒரு நாளும் நான் மறுநாளைக்கு வைத்து யாருக்கும் கொடுத்ததில்லை. என் வண்டியில் தின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு போனவன் என்று ஒருவனைக் காட்டு பார்க்கலாம்.

நீ எப்போதுமே இப்படி இல்லை, அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். வண்டிக்குப் போர்டு எழுதினவனே நீதான். ஐந்தாம் வகுப்பில் படம் வரைவதில் பரிசு வாங்கிவிட்டு வந்து, பெயின்ட் டப்பாவோடு குந்தி, 'காரமான வான்கோழி பர்கர், புதன், சனி மட்டும்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு வான்கோழியும் போட்டாய். அது பார்க்க மயில் மாதிரி இருந்தது. லேத் பட்டறை ஆட்கள் ஷிப்ட் முடிந்து வந்து, "இன்னா ஆன்ட்டி, மயில அட்ச்சி போட்டுகினு கீறியா? போலீஸ் வரப்போவுது!" என்று கிண்டல் பண்ணுவார்கள். நீ கோபித்துக்கொண்டு, "அது எங்க ஊட்டு வான்கோழி, எங்கம்மா செய்றது, துன்னு பாத்துட்டு பேசு" என்பாய். எங்கம்மா செய்றது! அந்த வார்த்தையை அன்றைக்கு அந்த ரோடே கேட்கிற மாதிரி சொன்னாய். அந்தப் போர்டு இன்னும் வண்டியில்தான் இருக்கிறது. மயிலுக்கு ஒரு கால் அழிந்துவிட்டது, எழுத்து அப்படியே இருக்கிறது.

அப்புறம் நீ காலேஜ் போனாய். எஸ்டேட்டில் ஏதோ தொழிற்சாலையைப் பார்க்க உங்கள் வகுப்பையே பஸ்ஸில் கூட்டி வந்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? என் வண்டிக்கு எதிரில்தான் பஸ் நின்றது. பையன்கள் எல்லோரும் வாசனை பிடித்துக்கொண்டு இறங்கி ஓடி வந்தார்கள். நீ மட்டும் பஸ்ஸின் அந்தப் பக்கம் இறங்கி, டயருக்குப் பக்கத்தில் குனிந்து, ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தாய். உன் வகுப்புப் பையன்கள் வரிசையில் நின்று வாங்கித் தின்று கையை நக்கிவிட்டுப் போகிறவரைக்கும் கட்டிக்கொண்டிருந்தாய். சேற்றில் கிடந்த உன் கால் எனக்குத் தெரிந்தது. நான் வாங்கிக் கொடுத்த ஷூ அது. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, நான் எதுவும் பார்க்காத மாதிரி நடந்துகொண்டேன், நீயும் எதுவும் நடக்காத மாதிரி சாப்பிட்டாய். அன்றைக்கே ரோட்டைத் தாண்டி வந்து, உன் காதைப் பிடித்து, இவன் என் பையன் என்று அந்த வரிசைக்கு முன்னால் நிறுத்தியிருக்க வேண்டும். சின்னப் பையன், வெட்கப்படுகிறான், சரியாகிவிடும் என்று விட்டேன். சரியாகவில்லை, அந்த வெட்கம் வேலைக்குப் போய் டை கட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

பெண் பார்க்கப் போன அன்று நீ செய்ததைச் சொல்கிறேன் கேள். உனக்கு நினைவிருக்கும்தான், ஆனால் நீ நினைத்திருக்கிற மாதிரி அது நடக்கவில்லை. அவர்கள் மாடர்ன் குடும்பம், ஸ்வீட் வேண்டாம், வித்தியாசமாக ஏதாவது கொண்டுபோகலாம் என்று என்னைப் பர்கர் செய்யச் சொன்னாய். நானும் சந்தோஷமாகத்தான் செய்தேன். என் கையால் செய்ததை என் மருமகள் வீட்டில் முதல் முதலாகத் தின்னப் போகிறார்கள் என்று விடிகாலையில் எழுந்து செய்தேன். டாக்சியில் ஏறினதும் எங்கிருந்தோ வாங்கிவந்த ஹோட்டல் பெட்டிகளில் அதையெல்லாம் மாற்றினாய். நசுங்காமல் இருக்கும் என்றாய், நம்பினேன். அங்கே போய் உட்கார்ந்ததும், அப்பா பௌல்ட்ரி பிசினஸ் செய்கிறார் என்றாய். கொல்லையில் நிற்கிற பத்துப் பதினைந்து வான்கோழி உனக்குப் பிசினஸ்! உன் அப்பா அந்தப் பொய்க்குத் தலையை ஆட்டவும் முடியாமல் ஆட்டாமல் இருக்கவும் முடியாமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா வீட்டில்தான் இருக்கிறார்கள் என்றாய். பெட்டியைத் திறந்து நிர்மலாவின் அப்பா ஒரு கடி கடித்தார். ரிடையர் ஆன பாங்க் ஆபீசர், அளந்துதான் பேசுவார், அவரே கண்ணை மூடிக்கொண்டு, "அடடா, எந்த ஹோட்டல் தம்பி இது?" என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். நீ முந்திக்கொண்டாய். "மவுண்ட் ரோட்டுல ஸ்டார் ஹோட்டல் சார், அங்க செஃப் என் ஃப்ரெண்ட்."

சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாய் பார், அதை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். கெஞ்சல் இருந்தால் மன்னித்திருப்பேன். வேலைக்காரியை 'உள்ளே போ' என்று பார்க்கிற பார்வை அது. டோரத்தி அம்மா வீட்டில் சம்பளத்துக்கு நின்றேன், அங்கேகூட யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

அப்போதுதான் நிர்மலா காப்பித் தட்டோடு வந்தாள். போட்டோவில் பட்டுப்புடவையும் பவுடருமாகப் பார்த்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. நேரில் பார்த்ததும் தெரிந்துவிட்டது. எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிற பெண் என்று நீ சொன்னபோது, எஸ்டேட் என்ன சின்ன இடமா என்று விட்டுவிட்டேன். ஒவ்வொரு புதன்கிழமையும் நீலக் குடையோடு என் வண்டிக்கு வந்து, "ஆன்ட்டி, சாஸ் நிறைய" என்று கேட்டு வாங்கி, நின்றபடியே தின்றுவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடுகிற பெண் அவள்! அவளும் ஒரு பர்கரை எடுத்துக் கடித்தாள். மென்றுகொண்டே என்னைப் பார்த்தாள். என் மணிக்கட்டில் இருக்கிற கல் சுட்ட தழும்பைப் பார்த்தாள். அப்புறம் உன்னைப் பார்த்தாள். நீ அந்த நேரத்தில் ஹோட்டலில் ஏசி எப்படி இருக்கும் என்று அவள் அப்பாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தாய். தட்டில் இருந்ததை முழுசாகத் தின்று முடித்தாள்.

ஆமாம் லாரன்ஸ். அவளுக்குத் தெரியும். பெண் பார்த்த அன்றிலிருந்து தெரியும். நீ ஹோட்டல் என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் அவளுக்குத் தெரியும். இப்போது உனக்கு எங்கே எரிகிறதோ, அங்கே எனக்கு இரண்டு மாதமாக எரிகிறது.

அடுத்த புதன்கிழமை நீலக் குடை வந்தது. கூட்டம் கலைகிறவரை ஒதுங்கி நின்றாள். "ஆன்ட்டி, அன்னிக்கு ஏன் ஒண்ணுமே சொல்லல?" என்றாள். "நீ ஏம்மா சொல்லல?" என்று திருப்பிக் கேட்டேன். "அவர் சொல்வாருன்னு பார்த்தேன். முதல் நாள், பயத்துல உளறிட்டாரு, அப்புறம் தனியா பேசும்போது சொல்லிடுவாருன்னு நெனச்சேன்" என்றாள். அதற்கப்புறம் நீங்கள் எத்தனை தடவை ஃபோனில் பேசினீர்கள், எத்தனை தடவை வெளியே போனீர்கள்! அவள் உனக்கு வழி திறந்து திறந்து விட்டிருக்கிறாள். உங்க அம்மா நல்லா சமைப்பாங்களா என்று கேட்டாளாமே? சுமாராகச் சமைப்பார்கள் என்றாயாம். சுமார்! அதை அவள் என்னிடம் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், சொல்லும்போது அவள் கண்ணில் சிரிப்பே இல்லை. முதல் ஓலை வாசித்தார்கள். புதன்கிழமை வந்து, "சொன்னாரா ஆன்ட்டி?" என்றாள். உன்னிடம் சொன்னானா என்று நானும் கேட்டேன். இரண்டு பேரும் உனக்காகக் காத்துக்கொண்டு ரோட்டில் நின்றோம்.

நேற்று புதன்கிழமை, வந்தாள். நீ ஞாயிற்றுக்கிழமை கேட்டதை, தொப்பியையும் பெட்டியையும் வண்டியை நிறுத்துவதையும் எல்லாம் சொன்னேன். அவள் கையில் வைத்திருந்த பர்கரைத் தட்டில் வைத்துவிட்டாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக என் பர்கரை மீதம் வைத்தாள். "ஆன்ட்டி, பெத்த அம்மாவையே மறைக்கிறவரு, நாளைக்கு எனக்கு ஒரு நோவு வந்தா, எங்க வீட்டுக்கு ஒரு கஷ்டம் வந்தா, என்னை எந்தப் பெட்டியில போட்டு மூடுவாரு?" என்றாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "மூணாவது ஓலை வாசிக்கிறதுக்குள்ள அவர் வாயால சொல்லணும். இல்லேன்னா தடை இருக்குன்னு நானே ஃபாதர்கிட்ட போய்ச் சொல்லிடுவேன். கல்யாணப் பொண்ணே சொல்லக்கூடாதுன்னு சட்டம் ஒண்ணும் இல்லையே."

அவளைத் தடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் மகளாக இருந்தால் நானே அவளைக் கோயிலுக்குக் கூட்டிப் போயிருப்பேன். ஆனால் நீ என் மகனாயிற்றே. கண்ணைத் திறந்துகொண்டு குழியில் போய் விழுகிறவனைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்கு முடியவில்லை. "அவனுக்கு ஒரு கடிதம் எழுதட்டுமா? உனக்குத் தெரியும்னு சொல்லட்டுமா?" என்று அவளிடம் அனுமதி கேட்டேன். உனக்காக, ரோட்டில், கரி படிந்த கையோடு நின்று கேட்டேன். "எழுதுங்க. ஆனா அதை நான்தான் கொண்டுபோய்க் குடுப்பேன். அவர் படிக்கும்போது நான் எதிர்ல நிக்கணும்" என்றாள்.

இனி நான் சொல்வது புத்திமதி என்று நினைக்காதே, முடிவு. வண்டி நிற்காது. புதன், சனி வான்கோழி, வெள்ளிக்கிழமை கறி கிடையாது, மற்ற நாள் முட்டை பன், எப்போதும் போல. உன் அப்பா திருமழிசைப் பக்கம் போய் வான்கோழி வாங்கி வருவார், நான் ரயிலில் பாத்திரத்தோடு போவேன். உன் மாமனார் வீட்டார் எஸ்டேட் பக்கம் வந்தால் வரட்டும், அவர்களுக்கும் சாஸ் நிறையவே ஊற்றுகிறேன். ரிசப்ஷனுக்கு ஹோட்டல் பெட்டியில் ஒரு பர்கர்கூட என் வீட்டிலிருந்து போகாது. உனக்கு வேண்டுமானால் மண்டப வாசலுக்கு என் வண்டி வரும், மயில் போர்டோடு வரும். பட்டுப்புடவைக்கு மேல் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு நானே சுட்டுக் கொடுப்பேன், உன் அப்பா தட்டு நீட்டுவார். வெட்கமாக இருந்தால் சொல்லிவிடு, பொரியலும் அப்பளமும் வைத்துச் சமாளித்துக்கொள். ஆனால் கல்யாணம் என்று ஒன்று நடக்கிறதா என்பதே இப்போது என் கையில் இல்லை, அதையும் தெரிந்துகொள். எனக்கு உன்மேல் இருக்கிற கோபம் இந்தக் காகிதத்தோடு தீரப் போவதில்லை, வருஷக்கணக்காகச் சேர்ந்தது, நீ எதிரில் வந்து உட்கார்ந்து வாங்கிக்கொள்ள வேண்டியது மீதம் நிறைய இருக்கிறது. வந்து வாங்கிக்கொள். சோறு போட்டுவிட்டுத்தான் திட்டுவேன்.

சனிக்கிழமை சாயங்காலம் கோட்டு எடுக்கத் துணிக்கடைக்குப் போகிறீர்களாமே. போகிற வழியில் அவள் என் வண்டிக்கு வந்து இதை வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள். அப்படியானால் இப்போது நீ துணிக்கடை வாசலில் நின்றுகொண்டு இதைப் படித்துக்கொண்டிருப்பாய். குனிந்த தலையை எடுக்கப் பயமாக இருக்கும், காலேஜ் பஸ்ஸுக்குப் பக்கத்தில் குனிந்தது போல ஷூ லேஸைத் தேடத் தோன்றும். தேடாதே. காகிதத்தை மடித்துப் பையில் வை. நாளைக் காலையில் ஃபாதர் மூன்றாவது தடவையாக நீ இன்னாள் மகன் என்று என் பெயரைச் சொல்ல வேண்டும், அதற்கு முன்னால் அது உன் வாயிலிருந்து வர வேண்டும்.

எதிரில் நிற்கிறாள். நிமிர்ந்து பார். உன் அம்மா யார் என்று அவளிடம் சொல்.